பெண்ணைப் பழிக்கும் பாட்டு பையனை மாற்றுமா?

ஒரு தாய் கேட்ட கேள்வி: "பிளஸ் ஒன் படிக்கும் என் மகன் காதில் ஹெட்போனை மாட்டினால் கழற்றுவதே இல்லை. பாதி ராப், பாதி காதல் தோல்விப் பாட்டு. 'அவளை அடி, உதை' என்று வரும் வரிகளை வாய்விட்டுப் பாடுகிறான். கேட்டால் 'சும்மா பாட்டும்மா' என்கிறான். இப்படிப்பட்ட வரிகள் பெண்களைப் பற்றிய அவனுடைய எண்ணத்தை மாற்றுமா? கேட்காதே என்று தடுக்கலாமா?"

நான் கல்லூரியில் உளவியல் நடத்துகிறேன். இந்த விஷயத்தில் வந்த ஆய்வுகளை மாணவர்களோடு உட்கார்ந்து வரிவரியாகப் படித்து, சண்டை போட்டுப் பேசிய பழக்கம் உண்டு. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பதில். பாட்டைக் கேட்டுவிட்டு நேரே போய் ஒரு பெண்ணை அடித்தான் என்று யாரையும் எந்த ஆய்வும் காட்டியதில்லை. அந்தப் பயம் வேண்டாம். ஆனால் ஒரு பெண்ணுக்குக் கெடுதல் நடந்தது என்று கேள்விப்படும்போது மனதில் முதலில் எழுவது 'ஐயோ பாவம்' என்பதா, 'அவளுக்கு வேணும்' என்பதா? அந்த இடத்தில் பாட்டுக்குப் பங்கு இருக்கிறது. இன்னொன்றும் சொல்வேன். கெட்ட வார்த்தை கொட்டும் பாட்டை விட, 'நான் உண்மையாக நேசித்தேன், அவள் ஏமாற்றிவிட்டாள்' என்று நல்ல மெட்டில் உருகும் பாட்டுதான் இதில் அதிக வேலை செய்கிறது என்பது என் கணிப்பு. நீங்கள் கவலைப்பட வேண்டியது அதைப் பற்றித்தான்.

ஜெர்மனியைச் சேர்ந்த பீட்டர் ஃபிஷர், டோபியாஸ் கிரைட்டமையர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் அடிக்கடி பேசப்படுவது. வந்தவர்களில் சிலருக்குப் பெண்களை இழிவுபடுத்தும் பாட்டுகளைப் போட்டார்கள், மற்றவர்களுக்குச் சாதாரணப் பாட்டுகளை. அப்புறம் பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாதது போல இன்னொரு வேலை கொடுத்தார்கள். வேறொருவர் சாப்பிடுவதற்கு மிளகாய் சாஸ் எடுத்து வைக்க வேண்டும். எவ்வளவு என்பது அவரவர் இஷ்டம். சாப்பிடப் போகிறவர் சிலருக்கு ஆண், சிலருக்குப் பெண். ஆய்வுக்கூடத்தில் யாரையும் அடிக்க விட முடியாது. அதனால் 'இன்னொருவருக்கு எரியும் என்று தெரிந்தே எவ்வளவு வைக்கிறாய்' என்பதை ஆக்ரோஷத்தின் அளவாக எடுத்துக்கொள்கிறார்கள். பெண்களை இழிவுபடுத்தும் பாட்டைக் கேட்ட ஆண்கள், ஆணுக்கு வைத்ததை விடப் பெண்ணுக்கு அதிகமாக வைத்தார்கள்.

இதே கட்டுரையின் இரண்டாவது பகுதி எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. அந்தப் பாட்டுகளைக் கேட்ட ஆண்களுக்குப் பெண்களைப் பற்றிய மோசமான குணங்கள்தான் அதிகமாக ஞாபகத்துக்கு வந்தன. பழிவாங்கும் உணர்ச்சி கூடியிருந்ததாகவும் சொன்னார்கள். கவனியுங்கள், அவர்களை எந்தப் பெண்ணும் எதுவும் செய்துவிடவில்லை. பாட்டில் வரும் யாரோ ஒருவனின் கோபம், சில நிமிடங்களுக்கு அவர்களுடைய கோபமாகிவிட்டது. ஆண்களை வெறுக்கும் பாட்டுகளைக் கேட்ட பெண்களிடமும் இதே மாதிரியான விளைவு தெரிந்தது. ஆகவே இது ஆண்பிள்ளைகளின் பிறவிக் குணம் பற்றிய விஷயமில்லை. 'அவர்கள் எல்லாரும் இப்படித்தான்' என்று ஒரு கூட்டத்தையே குறிவைக்கும் பாட்டு யாரிடமும் இதைச் செய்யும்.

அதற்கு முன்பே, 1995இல், அமெரிக்காவில் கிறிஸ்டி பரோங்கனும் கோர்டன் நாகயாமா ஹாலும் 54 கல்லூரி ஆண்களை வைத்து வேறொரு முறையில் பார்த்தார்கள். சிலர் பெண்வெறுப்பு ராப் கேட்டார்கள், சிலர் சாதாரண ராப். பிறகு மூன்று படக்காட்சிகள்: ஒன்று சாதாரணமானது, ஒன்று பாலியல் வன்முறை, ஒன்று பெண்ணைத் தாக்குவது. இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அங்கிருக்கும் ஒரு பெண்ணுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். பெண்வெறுப்புப் பாட்டு கேட்டவர்களில் 30 சதவீதம் பேர் தாக்குதல் காட்சியைத் தேர்ந்தெடுத்தார்கள். சாதாரணப் பாட்டு கேட்டவர்களில் 7 சதவீதம் பேர் மட்டுமே வன்முறைக் காட்சி எதையாவது காட்டினார்கள். அதாவது பெண்வெறுப்புப் பாட்டு கேட்டவர்களிலும் 70 சதவீதம் பேர் சாதாரணக் காட்சியைத்தான் காட்டினார்கள். இரண்டு எண்களையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோரைப் பாட்டு அசைக்கவில்லை. அசைந்த சிலரின் எண்ணிக்கை கூடியது.

'சும்மா பாட்டும்மா' என்று உங்கள் மகன் சொல்வதற்கும் பதில் இருக்கிறது. கிரெய்க் ஆண்டர்சனும் உடன் வேலை செய்தவர்களும் 2003இல் ஐந்து சோதனைகளின் முடிவை வெளியிட்டார்கள். கலந்துகொண்டவர்கள் 500க்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்கள். வன்முறை வரிகளைக் கேட்டவர்களிடம் பகை உணர்ச்சியும் ஆக்ரோஷமான எண்ணங்களும் கூடின. கிண்டலாக, சிரிக்க வைப்பதற்காக எழுதிய வன்முறைப் பாட்டுகளிலும் இதே முடிவுதான் வந்தது. சிரித்துக்கொண்டே கேட்டால் மனதில் ஒட்டாது என்ற நம்பிக்கைக்கு அங்கே ஆதரவு கிடைக்கவில்லை. ஆனால் இந்த விளைவு சீக்கிரம் தணிந்துவிடக் கூடியது என்பதை அந்த ஆய்வாளர்களே ஒப்புக்கொண்டார்கள்.

சரி, இவ்வளவுதானா என்றால், இல்லை. எதிர்ப்பக்க ஆதாரங்களையும் நான் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் உங்கள் மகன் இணையத்தில் ஐந்து நிமிடத்தில் எடுத்துக் காட்டுவான்.

1991இல் ஜேனட் செயின்ட் லாரன்ஸும் டோரிஸ் ஜாய்னரும் 75 ஆண் மாணவர்களிடம் செய்த ஆய்வில் மூன்று குழுக்கள். ஒரு குழுவுக்குப் பாலியல் வன்முறை வரிகள் உள்ள ஹெவி மெட்டல் என்ற இரைச்சலான ராக் இசை. இன்னொன்றுக்குக் கிறிஸ்தவ ஹெவி மெட்டல், அதாவது அதே இரைச்சல், ஆனால் பக்தி வரிகள். மூன்றாவதுக்கு மேற்கத்திய செவ்வியல் இசை. பெண்களைப் பற்றிய பிற்போக்கான எண்ணங்கள் இரண்டு மெட்டல் குழுக்களிலுமே கூடியிருந்தன. பக்திப் பாட்டு கேட்டவர்களிடமும்தான். அப்படியானால் வேலை செய்தது வரியா, ஓசையா? அந்தக் கேள்வி இன்னும் முழுதாகத் தீரவில்லை.

தீவிர மெட்டல் இசையின் ரசிகர்களைப் பற்றி ஆஸ்திரேலியாவில் வந்த இரண்டு ஆய்வுகள் இன்னும் சுவாரசியமானவை. 2015இல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில், ரசிகர்களைக் கோபப்படுத்திவிட்டு அவர்களுக்குப் பிடித்த மெட்டலைக் கேட்க விட்டார்கள். கோபம் ஏறவில்லை. கேட்டபின் உற்சாகமாக இருப்பதாகத்தான் சொன்னார்கள். 2019இல் மக்வாரி பல்கலைக்கழகத்தில் ரத்தமும் சதையுமாகப் பாடும் டெத் மெட்டல் ரசிகர்களைச் சோதித்தார்கள். வன்முறைப் படங்களைக் கண்டு அதிரும் உணர்வு அவர்களிடம் மற்றவர்களைப் போலவே அப்படியே இருந்தது, மரத்துப் போகவில்லை.

இந்த முரண்பாடு என்னைப் பல நாள் யோசிக்க வைத்தது. ஒரு பக்கம் மிளகாய் சாஸ், இன்னொரு பக்கம் நிம்மதியான மெட்டல் ரசிகர்கள். எனக்குக் கிடைத்த விளக்கம் இது. டெத் மெட்டலின் வன்முறை பெரும்பாலும் கற்பனை உலகத்தைச் சேர்ந்தது. பிணம், பேய், நரகம். கேட்பவனின் அன்றாட வாழ்க்கையில் அதற்கு இடம் இல்லை. பெண்ணைப் பழிக்கும் பாட்டு அப்படி இல்லை. அது வகுப்பில் பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பற்றியது. பாட்டு முடிந்து ஹெட்போனைக் கழற்றினால் அவள் எதிரில் இருக்கிறாள். வரியில் எவ்வளவு ரத்தம் இருக்கிறது என்பதை அளப்பதால் பயனில்லை. அது யாரைக் குற்றவாளியாக்குகிறது, கேட்பவனை எங்கே நிற்க வைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஆய்வுக்கூடப் பத்து நிமிடம் வேறு, வீட்டில் பத்து மாதம் வேறு என்பதும் உண்மை. சினிமாவை ஒரு தடவை, போனால் இரண்டு தடவை பார்ப்போம். பிடித்த பாட்டு நூறு தடவை ஓடும், அதுவும் வாயோடு சேர்ந்து. திரும்பத் திரும்பக் கேட்ட ஒரு கூற்று உண்மை போலத் தோன்றத் தொடங்கும் என்று 1977லேயே அமெரிக்க உளவியலாளர்கள் சோதித்துக் காட்டினார்கள். அதற்குப் பிறகு பலர் பல விதமாகச் செய்தும் அந்த முடிவு நிலைத்து நிற்கிறது. மெட்டோடு வரும் வாக்கியத்தை நாம் நம்பலாமா வேண்டாமா என்று நின்று யோசிப்பதில்லை, சேர்ந்து பாடுகிறோம்.

நீண்ட காலத்தைப் பார்த்த ஆய்வு குறைவு. இருப்பதில் முக்கியமானது 2006இல் ரேண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் வெளியிட்டது. 12 முதல் 17 வயது வரையிலான 1,461 அமெரிக்கப் பிள்ளைகளிடம் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் கேட்டறிந்தார்கள். பாலுறவைப் பற்றிய பாட்டுகளை இரண்டாகப் பிரித்தார்கள்: பெண்ணை ஒரு பொருளாகவும் ஆணை அடங்காத வேட்கை கொண்டவனாகவும் காட்டும் இழிவான பாட்டுகள், இழிவில்லாத பாட்டுகள். முதல் வகையை அதிகம் கேட்டவர்கள் சின்ன வயதிலேயே உடலுறவில் இறங்கும் போக்கு தெரிந்தது. இரண்டாம் வகைக்கு அந்தத் தொடர்பு இல்லை. பேசுபொருள் இரண்டிலும் ஒன்றுதான், பெண்ணை வைத்திருக்கும் இடம் மட்டும்தான் வேறு. இது கணக்கெடுப்பு ஆய்வு. ஏற்கெனவே அப்படி நினைக்கும் பிள்ளைகள் அப்படிப்பட்ட பாட்டைத் தேடிப் போயிருக்கலாம் என்ற சந்தேகத்தை இதனால் முழுதாக விலக்க முடியாது.

இனி நம் ஊருக்கு வருவோம். 2011ஐ ஒட்டி 'சூப் பாய்ஸ்', அதாவது காதலில் தோற்ற பையன்கள், என்ற பேச்சு தமிழ்நாடு முழுக்கப் பரவியது. அந்த நவம்பரில் வெளியாகி உலகமெல்லாம் சுற்றிய 'கொலவெறி' தன்னைச் சூப் பாட்டு என்று அறிவித்துக்கொண்டுதான் தொடங்கும். அதே வருடம் வந்த 'மயக்கம் என்ன' படத்தில் ஒரு பாட்டு, அவளை அடி, உதை, விட்டுவிடு, அவள் தேவையே இல்லை என்ற பொருளில் அடுக்கிக்கொண்டு போகிறது. உங்கள் மகன் பாடுவது அதுவாகவே இருக்கலாம். இன்றைக்கும் ரீல்ஸில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த வகைப் பாட்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். இடம் பெரும்பாலும் டாஸ்மாக் கடை, மொட்டை மாடி, இல்லையென்றால் நடுராத்திரி ரோடு. சுற்றிலும் நண்பர்கள். 'மச்சி', 'மாமா' என்று ஆண் ஆணைப் பார்த்துப் பேசுகிறான். எந்தப் பெண்ணைப் பற்றிப் பாட்டோ அவள் அங்கே இல்லை. இருந்தாலும் வாய் திறப்பதில்லை. முதல் சரணத்தில் ஒருத்தி ஏமாற்றினாள். அடுத்த சரணத்துக்குள் 'பொண்ணுங்களே இப்படித்தான்' என்றாகிவிடும். அவள் அழகு, அவள் சிரிப்பு, அவள் ஃபோன் எடுத்தது, பிறகு எடுக்காதது எல்லாம் சாட்சியம். உண்மையில் அவள் செய்த குற்றம் என்ன என்று தேடினால், பல பாட்டுகளில் ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும்: அவள் 'வேண்டாம்' என்றாள். சில பாட்டுகளில் அவள் 'சரி' என்று சொன்னதாகக்கூட இருக்காது. அவன் காதலித்தான், அவள் காதலிக்கவில்லை, ஆகவே அவள் துரோகி.

நான் வகுப்பில் இப்படி ஒரு பாட்டின் வரிகளை மட்டும் தாளில் அச்சடித்துக் கொடுப்பதுண்டு. மெட்டு கிடையாது, படத்தின் பெயர் கிடையாது. 'இதைச் சொல்பவன் எப்படிப்பட்ட ஆள்? உன் அக்காவைப் பற்றி ஒருவன் இப்படி எழுதி அனுப்பினால் என்ன செய்வாய்?' என்று கேட்பேன். போலீஸுக்குப் போவேன் என்று எழுதும் பையன்கள் உண்டு. பிறகு பாட்டைப் போட்டால் அதே பையன்களின் கால் தாளம் போடும். அவர்களைக் குற்றம் சொல்வதற்காக இதைச் செய்வதில்லை. மெட்டு இல்லாதபோது கண்ணில் பட்டது மெட்டு வந்ததும் ஏன் படவில்லை என்பதை அவர்களே கவனிக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

இந்தப் பாட்டுகள் விதைக்கும் எண்ணம் விழுகிற நிலமும் வெறும் நிலமில்லை. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், சில காரணங்களுக்காகக் கணவன் மனைவியை அடிப்பது நியாயம்தான் என்று சொன்னவர்கள் இந்திய அளவில் பெண்களில் 45 சதவீதம், ஆண்களில் 44 சதவீதம். தமிழ்நாட்டுப் பெண்களிடையே இந்த விகிதம் தேசிய சராசரியை விட மிக அதிகம். படித்த மாநிலம் என்று பெருமைப்படும் நமக்கு இது வலிக்க வேண்டும். காதலிக்க மறுத்த பெண்களைத் தாக்கிய வழக்குகளை நாம் வரிசையாகப் பார்த்திருக்கிறோம். 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம் பெண் பொறியாளர் காலை நேரத்தில் வெட்டிக் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு சினிமாவின் துரத்தல் காட்சிகளையும் பாட்டுகளையும் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. ஒரு பாட்டுதான் அந்தக் கொலைக்குக் காரணம் என்று சொன்னால் அது பொய். பின்தொடர்வதைக் காதல் என்றும் மறுப்பைத் துரோகம் என்றும் சொல்லிக்கொடுக்கும் காற்றைத்தான் நாம் எல்லாரும் சுவாசிக்கிறோம் என்று சொன்னால் அதை மறுக்க முடியாது. 2013இல்தான் ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை செய்வது இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354-டி என்ற தனிக் குற்றமாகச் சேர்ந்தது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 78ஆவது பிரிவு. நம் டூயட்டுகளில் பாதிக்கு மேல் அந்தப் பிரிவில் மாட்டும்.

'எல்லாம் பாட்டு செய்த வேலை' என்று சொல்வதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் இரண்டு பெண்களைத் தொடர்ந்து தொல்லை செய்த ஓர் இந்தியரின் வழக்கு 2015இல் முடிவுக்கு வந்தது. பாலிவுட் படங்களைப் பார்த்து, விடாமல் துரத்தினால் பெண் சம்மதிப்பாள் என்று நம்பிவிட்டார் என்று அவருடைய வழக்கறிஞர் வாதாடினார். அவர் சிறைக்குப் போகாமல் தப்பினார். பாட்டையும் படத்தையும் பற்றிப் பேசுகிற என்னைப் போன்றவர்களின் பேச்சு இப்படிச் சாக்காக மாறுவதை ஒருநாளும் ஏற்க முடியாது. அதே படங்களைப் பார்த்து வளர்ந்த கோடிக்கணக்கான ஆண்கள் யாரையும் துரத்துவதில்லை.

நீங்கள் ராப் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேயும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ரொனால்ட் வைட்சரும் சாரிஸ் குப்ரினும் 1992 முதல் 2000 வரை வந்து பெருவாரியாக விற்ற ஆல்பங்களிலிருந்து 403 ராப் பாட்டுகளை எடுத்து அலசினார்கள். பெண்வெறுப்பு இருந்தது 22 சதவீதப் பாட்டுகளில். இது சின்ன எண் இல்லை. எல்லா ராப்பும் இப்படித்தான் என்று நினைப்பவர்களுக்கு இது பெரிய எண்ணும் இல்லை. அந்தப் பாட்டுகளுக்குள்ளும் நேரடியாக அடி உதையைப் பேசியவை ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பெண்ணை உடலாக மட்டும் பார்ப்பது, வசைப்பெயர் சூட்டுவது, நம்பாதே என்று எச்சரிப்பது ஆகியவைதான் அதிகம். 'நம்பாதே' என்ற வரியை நம் சூப் பாட்டுகளில் எத்தனை தடவை கேட்டிருப்போம்.

ஒரே வரி யார் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து நம் காது மாறிவிடுகிறது. கேரி ஃப்ரைடு என்ற உளவியலாளர் 1996இல், போலீஸ்காரரைச் சுட்டவனின் கதையைச் சொல்லும் பழைய அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டு ஒன்றின் வரிகளை எடுத்துக்கொண்டார். சிலரிடம் இது ராப் (கறுப்பினத்தவரோடு சேர்த்துப் பார்க்கப்படும் இசை) என்றார், சிலரிடம் கன்ட்ரி பாட்டு (வெள்ளையர்களோடு சேர்த்துப் பார்க்கப்படுவது) என்றார். ராப் என்று நினைத்தவர்களுக்கு அதே வரிகள் அதிக ஆபத்தானவையாகத் தோன்றின. காதலியை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய்க் கொல்கிற கதைகள் வெள்ளையர்களின் பழைய கிராமியப் பாட்டுகளில் ஏராளம். அவற்றைத் தடைசெய்யச் சொல்லி யாரும் ஊர்வலம் போனதில்லை.

நம் ஊரில் அந்த இடத்தில் நிற்பது கானா. வடசென்னைப் பையன் கானாவில் ஒரு பெண்ணைக் கிண்டல் செய்தால் 'பொறுக்கிப் பாட்டு'. அதையே பெரிய கதாநாயகன் வெளிநாட்டுப் பனிமலையில் ஆடிக்கொண்டு சொன்னால் குடும்பத்தோடு பார்க்கலாம். 2015 டிசம்பரில், வெள்ளம் வடிந்த கையோடு, ஒரு நடிகர் பாடியதாகக் கசிந்த 'பீப்' பாட்டுக்கு எதிராக மாதர் அமைப்புகள் தெருவில் இறங்கின, கோவையிலும் சென்னையிலும் வழக்குப் பதிவானது. அந்தக் கோபம் நியாயமானது, நான் அவர்கள் பக்கம். ஆனால் கெட்ட வார்த்தையை மறைக்க ஒரு பீப் சத்தம் இருந்ததால்தான் எல்லாருக்கும் அது குற்றம் என்று தெரிந்தது. மறைக்க எதுவும் இல்லாத, சென்சார் சான்றிதழோடு வந்த, தொலைக்காட்சியில் சின்னக் குழந்தைகள் பாடிப் பரிசு வாங்கும் பாட்டுகள் அன்றும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. கானாவைக் குறை சொல்பவர்கள் இசைவாணியைக் கேட்க வேண்டும். ஆண்கள் மட்டுமே பாடிவந்த அந்த வடிவத்தில் ஒரு பெண்ணாக வந்து நின்றவர். 2020இல் பிபிசி வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது.

பெண்பிள்ளைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அவர்களும் இதே பாட்டுகளைத்தான் கேட்கிறார்கள். 1995இல் அமெரிக்காவில் 11 முதல் 16 வயது வரையிலான கறுப்பின மாணவர்கள் 60 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. சிலருக்குப் பெண்களை ஆணுக்கு அடங்கியவர்களாகக் காட்டும் ராப் வீடியோக்களைக் காட்டினார்கள். அவற்றில் அடி உதை எதுவும் இல்லை. பிறகு, காதலன் ஒருவன் கையை நீட்டுகிற ஒரு கதையைப் படிக்கக் கொடுத்தார்கள். வீடியோ பார்த்த பெண்பிள்ளைகள், பார்க்காதவர்களை விட, அதை அதிகமாக ஏற்றுக்கொண்டார்கள். பையன்களிடம் பார்த்தவர், பார்க்காதவர் என்ற வித்தியாசமே தெரியவில்லை. கண்ணெதிரே இல்லாத ஓர் அடியைக் கூட, பெண்ணைக் கீழே வைத்துக் காட்டிய படம் சகஜமாக்கிவிட்டது. வன்முறை வரிகளை மட்டும் தேடிப் பிடித்து அழித்தால் போதும் என்று நினைப்பவர்களிடம் நான் முதலில் எடுத்துக் காட்டுவது இந்த ஆய்வைத்தான்.

'உள்ளே இருக்கும் ஆத்திரத்தைப் பாடித் தீர்த்துக்கொள்கிறான், அது நல்லதுதானே' என்று சில பெற்றோர் கேட்பார்கள். பிராட் புஷ்மன் 2002இல் இதைச் சோதித்தார். மாணவர்கள் எழுதிய கட்டுரையை ஒருவர் மட்டமாக விமர்சித்து அவர்களைக் கோபப்படுத்தினார். பிறகு சிலர், அந்த ஆளையே மனதில் நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்தினார்கள். சிலர் உடற்பயிற்சியை நினைத்துக்கொண்டு குத்தினார்கள். சிலர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அதிகக் கோபத்தோடு முடித்தவர்கள் அந்த ஆளையே நினைத்துக் குத்தியவர்கள். காதலில் அடிபட்ட பையன் அழுது தீர்க்க ஒரு சோகப் பாட்டு வேண்டும்தான். தன் வலியைப் பாடும் பாட்டைக் கேட்கட்டும், அதைப் பிடுங்காதீர்கள். அவளையே நினைத்து அவளைத் திட்டும் பாட்டு வேறு. அது புஷ்மனின் குத்துப்பை.

தடுக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். தடுக்காதீர்கள். தடுக்கவும் முடியாது. அமெரிக்காவில் 1985இல் அரசியல்வாதிகளின் மனைவிமார் சிலர் சேர்ந்து நடத்திய போராட்டத்தால் ஆல்பங்களில் பெற்றோருக்கான எச்சரிக்கை முத்திரை வந்தது. 1990இல் ஃப்ளோரிடாவில் ஒரு நீதிபதி ஒரு ராப் ஆல்பத்தையே ஆபாசம் என்று தீர்ப்பளித்தார். 1992இல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு போயிற்று. அதற்குள் ஆல்பம் லட்சக்கணக்கில் விற்றிருந்தது. பிளஸ் ஒன் பையனுக்கு 'கேட்காதே' என்ற சொல்லே விளம்பரம்.

அதற்குப் பதிலாகக் கூட உட்கார்ந்து கேளுங்கள். ஒரு தடவை போதும், விரிவுரை வேண்டாம். 'நல்ல மெட்டுடா' என்று உண்மையாகத் தோன்றினால் அதையும் சொல்லுங்கள். பிறகு ஒரு கேள்வி: 'இந்தப் பொண்ணு ஒரு சரணம் பாடினா என்ன பாடுவா?' அவனையே எழுதச் சொன்னால் இன்னும் நல்லது. எங்கள் மாணவர்களில் சிலர் இதை எழுதி, மெட்டுக்குள் உட்கார வைத்துப் பாடியும் காட்டியிருக்கிறார்கள். 'நான் உனக்கு எப்படா ஓகே சொன்னேன்' என்பதுதான் பெரும்பாலும் முதல் வரியாக வரும்.

அப்புறம், பாட்டை விட அவன் நடத்தையைப் பாருங்கள். தங்கையிடம் எப்படிப் பேசுகிறான்? 'வேண்டாம்' என்று ஒரு பெண் சொன்ன கதையைச் சொல்லும்போது யார் பக்கம் நிற்கிறான்? நண்பர்கள் குரூப்பில் வகுப்புப் பெண்ணின் படம் சுற்றும்போது என்ன செய்கிறான்? மறுத்த பெண்ணின் எண்ணுக்கு வேறு வேறு நம்பரிலிருந்து அழைக்கிறானா? இவற்றில் ஏதாவது தட்டினால், பாட்டை மறந்துவிட்டு உடனே பேசுங்கள். தேவைப்பட்டால் பள்ளி ஆலோசகரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எதுவும் தட்டாவிட்டால் நிம்மதியாக இருக்கலாம். ஆனால் வீட்டில் அம்மாவிடம் அப்பா கையை ஓங்குவதைப் பார்க்கும் பையனுக்கும், பார்க்காத பையனுக்கும் அதே பாட்டு ஒன்றுபோல் கேட்காது என்பதையும் மனதில் வையுங்கள்.

கடைசியாக ஒரு நல்ல செய்தி. அந்த மிளகாய் சாஸ் ஆய்வைச் செய்த கிரைட்டமையரே 2015இல் வேறு இருவரோடு சேர்ந்து எதிர்த்திசையில் சோதித்தார். ஆண் பெண் சமத்துவத்தைப் பேசும் பாட்டுகளைக் கேட்க வைத்தார்கள். பெண்கள் மீதான எண்ணமும் நடத்தையும் மேம்பட்டன. வரிகளுக்குக் கெடுக்கும் சக்தி இருக்கிறது என்றால் திருத்தும் சக்தியும் இருக்க வேண்டும், இருக்கிறது.

இதைத் தமிழில் செய்து பார்க்க எந்தக் கல்லூரி உளவியல் துறைக்கும் பெரிய பணம் தேவையில்லை. ஒரு குழுவுக்குச் சூப் பாட்டு, இன்னொன்றுக்கு அதே வேகத்தில் பெண்ணை மதிக்கும் பாட்டு, மூன்றாவதுக்கு வரியே இல்லாத இசை. பிறகு எல்லாருக்கும் ஒரே பத்திரிகைச் செய்தி: காதலை மறுத்த மாணவி தாக்கப்பட்டார். யார் மேல் எவ்வளவு தவறு என்று பத்துக்கு மதிப்பெண் போடச் சொல்ல வேண்டும். அந்த மாணவியின் பெயருக்கு நேரே மூன்று குழுக்களும் போடும் எண்ணைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.